தூரத்திலும் ஒரு மூக்கு

அன்புள்ள மிளகு அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நடுவில் ஓரிரு பக்கங்களில் உங்களுக்குக் கொஞ்சம் திக்கென்று இருக்கும். அப்போது இந்த முதல் வரிக்குத் திரும்பி வந்து இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

விடுப்பில் வந்திருந்த உங்கள் சுரங்கத்து வெல்டர் அண்ணன் வெள்ளிக்கிழமை திரும்புகிறார். அவர் கையில்தான் இந்தக் கடிதத்தையும் ஒரு பெரிய உறையையும் கொடுத்தனுப்புகிறேன். உறைக்குள் உங்கள் பெண்கள் வரைந்த நாற்பத்தாறு படங்கள் இருக்கின்றன. மடித்துவிடக் கூடாது என்று அவரிடம் மூன்று முறை சொன்னேன். "மலையைக் குடையுற மிஷினையே கோணாம கொண்டுபோய்ச் சேத்தவன்மா நான்" என்றார். நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் டவர் இருக்கும் மேட்டில் ஏறி நின்றால் நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் எட்டைச் சின்னவள் உருண்டை எடுத்துக்கொள்கிறாள். மீதி இரண்டில் எனக்குப் பேச்சு வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. கல்யாணமான முதல் மாதம் சோப்பு தீர்ந்துவிட்டது என்பதைக்கூட சீட்டில் எழுதி உங்கள் சட்டைப் பையில் வைத்தவள். அதனால் இதையும் ஒரு நீளமான சீட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மதிய இடைவேளைகளில், கண் ஆஸ்பத்திரியில் என்னுடைய பரிசோதனை இருட்டறையில், மேஜை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு நான்கு நாளாக எழுதுகிறேன்.

ஆறு வாரத்துக்கு முன்னால் பெரியவள் மிளகு வரைந்த 'எங்க வீட்டு ஆளுங்க' படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். அந்த ஞாயிறு நீங்கள், "எல்லாருக்கும் மூஞ்சி இருக்கு, எனக்கு மட்டும் மொட்டையா விட்டிருக்கா. அப்பன் மூஞ்சி மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். நான் சரியாகக் கேட்கவில்லை என்றேன். நன்றாகக் கேட்டது. அந்தச் சிரிப்பும் எப்படிப்பட்ட சிரிப்பு என்று தெரிந்தது. பதில் தெரியாததால் கேட்காதவள் போல இருந்துவிட்டேன். இப்போது பதில் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராகச் சொன்னால் புரியாது. சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

முதலில் காகிதக் கதை. எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். பழைய கேஸ் ஷீட்டுகள் அச்சடித்தபடி கட்டுக் கட்டாகத் தேங்கிப்போயின. எடைக்குப் போடப்போகிறோம் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. நான் வளர்ந்த வீட்டில் காகிதம் என்றால் அது கடையிலிருந்து பொட்டலமாக வந்தது மட்டும்தான். பென்சில் பள்ளிக்கூடத்துக்கு மட்டும். நம் இரண்டு குடும்பத்திலும் முதலில் பட்டம் வாங்கியவள் என்று எல்லாரும் என்னைக் கொண்டாடினாலும், சும்மா ஒரு பூனையை வரைந்து பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. பெரிய டாக்டர் அறை வாசலில் அரை நாள் நின்று, கடைசியில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, பத்துக் கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஷீட்டில் வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு வட்டம் அச்சடித்திருக்கும். டாக்டர்கள் அதற்குள் புரையோ புண்ணோ எங்கே இருக்கிறது என்று குறித்து வைப்பார்கள். உருண்டைக்கு இன்னும் நான்கு வயது ஆகவில்லை, வட்டம் போட வராது. போட்டுக் கொடுத்த வட்டம் கிடைத்ததும் அவளுக்கு ராஜயோகம். இரண்டு வட்டத்துக்கு நடுவில் ஒரு கோடு இழுத்தால் சைக்கிள். மேலே இரண்டு காது வைத்தால் ஆந்தை. கீழே நீளமாகக் கோடுகள் விட்டால் 'நான் அழுவறேன்'. உறையில் ஏழாவதாக இருக்கும் படத்தைப் பாருங்கள். ஒரு வட்டத்தைக் கறுப்பு கிரேயான் தேயும்வரை நிரப்பி வைத்திருக்கிறாள். என்னடி இது என்று கேட்டேன். அப்பா சுரங்கத்துக்குள் இருக்கிறாராம். பக்கத்து வட்டம் வெறுமையாக இருந்தது. இது என்ன என்றேன். அப்பா வெளியே வந்துவிட்டாராம். வந்தவர் எங்கே, ஒன்றையும் காணோமே என்றேன். "வீட்டுக்குப் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. பார்க்கிற ஆட்களிடமெல்லாம் அந்தத் தாளைக் காட்டினேன். வாயைத் திறக்காத நான் வலியப் போய்க் காட்டியதில், லிஃப்ட் ஆபரேட்டருக்கு நான் பேசுவேன் என்பதே அன்றுதான் தெரிந்தது.

மிளகு வேறு ரகம். ஆறு வயதுதான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். சட்டைப் பொத்தான் வரைந்தால் நான்கு ஓட்டையும், அவற்றின் வழியாக நூல் பெருக்கல் குறி போலப் போவதும், ஓரத்தில் ஒரு இழை பிரிந்து நிற்பதும் இருக்கும். எறும்பு வரைந்தால் ஒவ்வொரு காலிலும் மடங்கும் இடம் இருக்கும். தன் முழங்கால் புண் காய்ந்து உதிர்ந்ததை ஐந்து நாள் ஐந்து படமாக வரைந்திருக்கிறாள். அதே கைதான், பால்கனியிலிருந்து தெருவை வரைந்தால் எல்லாவற்றையும் புகையும் பூவுமாக ஆக்கிவிடும். மரம் என்றால் பச்சைப் புகை. விளக்குக் கம்பங்களின் உச்சியில் மஞ்சளில் பெரிய பெரிய பூ, ஒவ்வொன்றுக்கும் இருபது இதழ். நிலா மூன்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற கூட்டத்துக்கு முடி உண்டு, உடை உண்டு, முகம் கிடையாது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கிட்டத்தில் இருப்பதை அவ்வளவு நுணுக்கமாகவும் தூரத்தில் இருப்பதை இப்படிக் கனவு மாதிரியும் வரைய இந்த வயதில் யாருக்கு வரும் என்று நினைத்தேன். அந்த விளக்குப் பூப் படத்தை என் இருட்டறைச் சுவரில் ஒட்டி வைத்தேன். வருகிற நோயாளிகள் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். யாராவது நன்றாக இருக்கிறதே என்றால், என் பெண் வரைந்தது என்று சொல்வேன். யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் சொல்வேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு டாக்ஸி டிரைவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாகக் கண் பரிசோதனை. சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் வாசிக்க வைத்துவிட்டேன். சட்டத்தைக் கழற்றாமல் அறை முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். புதிதாகக் கண்ணாடி போடுகிற எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள், எனக்கு அது பிடிக்கும். சுவரில் இருந்த படத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். யார் வரைந்தது என்று கேட்டார். நான் என் வழக்கமான பெருமையோடு சொன்னேன்.

"பாப்பாவுக்கு எத்தனை பவர் மேடம்?" என்றார்.

அவளுக்குக் கண்ணாடி கிடையாது என்றேன். அவர் சட்டத்தைத் தூக்கி ஒரு முறை பார்த்தார், இறக்கி ஒரு முறை பார்த்தார்.

"எனக்கு ரோட்டு லைட்டெல்லாம் இப்படியேதான் தெரியும். இதே மாதிரி இதழ் இதழா. பதினஞ்சு வருஷமா பூந்தோட்டத்துக்கு நடுவுலதான் வண்டி ஓட்டிட்டு இருந்திருக்கேன். வெளிய சொல்லிடாதீங்க."

நான் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். நான் அவருடைய சீட்டில் பவரை எழுதிக் கொடுத்தேன். முதல் முறை தப்பாக எழுதி, அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

அவர் சொன்னதை நம்ப மாட்டேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு வந்தேன். காரணமும் இருந்தது. போன வருடம் நானே அவளுக்குக் கண் பார்த்திருக்கிறேன், உங்களிடமும் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். நான்கு மாதம் முன்னால் அவள் பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆஸ்பத்திரியே முகாம் போட்டது. என் கூட வேலை செய்கிறவள்தான் பார்த்தாள். "உன் பொண்ணுக்குக் கழுகுக் கண்ணுடி" என்று என் முதுகில் தட்டினாள். அப்புறம் எப்படி?

வீட்டுக்கு வந்ததும் மிளகைப் பால்கனிக்கு அழைத்துப் போனேன். இன்னும் வெளிச்சம் போகவில்லை. எதிரே மின்கம்பியில் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எத்தனை புறா என்று எண்ணிச் சொல் பார்க்கலாம் என்றேன். விளையாட்டு என்று நினைத்து உற்சாகமாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "எந்தக் கம்பி?" என்றாள்.

முதல் வரிக்குப் போய்விட்டு வாருங்கள்.

எப்படித் தவறவிட்டேன் என்பதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய எழுத்துப் பலகையை ஒட்டி வைத்திருக்கிறேன் அல்லவா? ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் இருக்கிற அதே பலகை. மூன்று வயதிலிருந்து அதன் முன்னால்தான் ஆஸ்பத்திரி விளையாட்டு. மிளகு டாக்டர், உருண்டை நோயாளி, உருண்டை அடம்பிடித்தால் தலையணை நோயாளி. மூக்கை ஒட்டி நின்று பார்த்துப் பார்த்து மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், நடுவில் எந்த வரி கேட்டாலும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னேன். சொன்னாள். ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. அந்தப் பலகையைக் காட்டினால் சொல்ல வேண்டிய பாட்டு அதுதான் என்று நினைத்திருக்கிறாள். வேறு எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஆகியிருக்காது. கண் பார்க்கிறவள் பெண்ணுக்குத்தான் ஆகும்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து என் அறையிலேயே பார்த்தேன். ஒளிக்கோட்டைக் கண்ணுக்குள் ஓட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு; அதற்குப் பிள்ளை வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியதில்லை, கண்ணே சொல்லிவிடும். கோட்டை வலப்பக்கம் நகர்த்தும்போது உள்ளே ஒளி இடப்பக்கம் ஓடினால் கிட்டப்பார்வை. ஓடியது. வில்லைக்கு மேல் வில்லையாகப் போட்டுக்கொண்டே போனேன். மூன்றரையில்தான் நின்றது. இரண்டு கண்ணிலும். அதாவது ஒரு ஜாணுக்குச் சற்று மேல் வரைதான் அவளுக்கு உலகம் தெளிவு. அதற்கப்பால் எல்லாம் புகையும் பூவும். கனவும் இல்லை, கற்பனையும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத் துளியும் கூட்டாமல் குறைக்காமல் வரைந்திருக்கிறாள்.

சொட்டு மருந்து போட்டுப் பெரிய டாக்டர் அம்மாவிடம் காட்டினேன். பத்து வருடமாக மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்த நாற்காலியில் முதல்முறையாக நான் உட்கார்ந்தேன். எந்தப் பிள்ளைக்குப் பவர் அதிகமாக இருந்தாலும் டாக்டர் அம்மா ஒரு கேள்வி கேட்பார். பழக்க தோஷத்தில் என்னையும் கேட்டுவிட்டார். "வீட்டுல யாருமே பாக்கலையா?"

அவருக்கே சங்கடமாகிவிட்டது. தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். வழக்கமாக நானும் தலையைக் குனிந்திருப்பேன். அன்று ஏனோ பதில் சொன்னேன்.

"பாத்தேன் டாக்டர். தினமும் பாத்தேன். அழகா இருக்குன்னு பாத்தேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். படங்களை எடுத்து வரச் சொன்னார். மறுநாள் கொண்டுபோனேன். அரை மணி நேரம் பார்த்தார், வெளியே கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. தன்னிடம் காட்டியிருந்தால் தானும் அழகாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கக்கூடும் என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ என்னவோ, நான் எடுத்துக்கொண்டேன்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் மிளகு கேட்டாள், அப்படியென்றால் அவள் பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளும் அந்தப் பாட்டைச் சொல்லக் கூடாதா என்று. எனக்கு நடை நின்றுவிட்டது. அந்த எழுத்துப் பாட்டை அவள் தன் வகுப்புக்கே கற்றுக்கொடுத்திருக்கிறாள். முப்பத்தொரு பிள்ளைகளும் முகாமில் மணிமணியாக ஒப்பித்திருக்கிறார்கள். வகுப்பு முழுக்கக் கழுகுக் கண். முகாம் நடத்தியவர்கள் அதைத் தனியாகப் பாராட்டி அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.

இதை யாராவது சொல்லியாக வேண்டும். புதன்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். சீட்டில் எழுதித்தான் வைத்திருந்தேன். டாக்டர் அம்மா சீட்டைக் கையில் வாங்காமல், "நீயே சொல்லு" என்றார். எழுந்து நின்று சொன்னேன். பாட்டு விஷயம் வந்ததும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அது எனக்கு உதவியாக இருந்தது. அடுத்த வாரம் வேறு பலகையோடு அந்த வகுப்புக்குத் திரும்பப் போனோம். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. அதில் ஒன்று வகுப்பில் தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கியிருந்த குழந்தை. இனிமேல் எந்த முகாமுக்கும் மூன்று விதப் பலகை கொண்டுபோவது என்று முடிவாகியிருக்கிறது. கதவுக்குப் பின்னால் இருந்த பலகையை நான் கிழிக்கப் போனேன். உருண்டை விடவில்லை. அவளுடைய நோயாளிகள் காத்திருக்கிறார்களாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கண்ணாடி வருவதற்கு முன்னால் ஒரு நாள் அவளுடைய படங்களை எல்லாம் தரையில் பரப்பினேன். தேதி வாரியாக இல்லாமல், கிட்டம் தூரம் என்று வரிசையாக அடுக்கினேன். எனக்கு எப்போதும் மூக்கு, கன்னத்து மச்சம், ஓரத்தில் உடைந்த பல் எல்லாம் உண்டு. அவள் தங்கைக்கு மூக்கில் ஒழுகுவதுகூட உண்டு. கரும்பலகை அருகே நிற்கும் டீச்சருக்கு முகம் இல்லை. ஆனால் அதே டீச்சர் குனிந்து நோட்டைத் திருத்துகிற படத்தில் மூக்குத்தி வரை இருக்கிறது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தேடிப் பார்த்தேன். பன்னிரண்டு படத்தில் இருக்கிறீர்கள். பன்னிரண்டிலும் நீலச் சட்டை, தோளில் பை, தெரு முனை. நீங்கள் கிளம்பிப் போன அன்று அவள் பால்கனியிலிருந்து கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அவளைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு ஏன் முகம் போடவில்லை என்று கேட்டேன். இவ்வளவு பெரிய ஆளுக்கு இது தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"தூரமா போனா எல்லாருக்கும் மூஞ்சி போயிடும்லம்மா. கிட்ட வந்தா திரும்ப வந்துடும்."

அவ்வளவுதான். உங்களை அவள் மறக்கவில்லை. முகம் திரும்ப வரும் என்று பதினான்கு மாதமாகத் தைரியமாகக் காத்திருக்கிறாள். நான்தான் உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் ஆறு வாரம் உங்களைத் தவிக்க விட்டுவிட்டேன்.

கண்ணாடி வந்த அன்று கடையில் மாட்டிவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நம்ப முடியாமல் கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள். கடைக்காரர், நான், வாடிக்கையாளர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க உரக்கச் சொன்னாள்.

"அம்மா, தூரத்துலயும் உனக்கு மூக்கு இருக்கு."

சின்ன வயதிலேயே கண்ணாடி என்று வருத்தப்படாதீர்கள். படிக்கட்டில் எதிரே வந்த வீட்டுக்காரம்மா, பெண் பிள்ளைக்கு இப்போதே சோடாபுட்டியா என்று என்னிடம் துக்கம் விசாரித்தார். மிளகு மேல்படியிலிருந்து, "ஆன்ட்டி, உங்க வாசக்கதவு மேல பல்லி ஒண்ணு இருக்கு, வால் இல்லாத பல்லி" என்றாள். அந்த அம்மா உள்ளே போக இருபது நிமிடம் ஆயிற்று. மூட்டை தூக்கும் வேலையிலிருந்து ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பேத்தியைப் பார்க்க வந்த என் அப்பா, படிப்பு வாசனை அடித்துவிட்டது என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். கண்ணாடி போட்டு ஒன்பது நாள் அவள் எதையுமே வரையவில்லை. பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிர்க் கட்டடத்தில் யார் என்ன நிறச் சீப்பால் தலை வாருகிறார்கள் என்றெல்லாம் வந்து சொன்னாள். தாள் தொடவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம். அந்தப் பூக்களும் புகையும் இனி கிடையாது, எல்லாரையும் போல இவளும் குச்சி வீடும் குச்சி மனிதனும் வரைவாள் என்று நினைத்தேன். பார்வை கிடைத்த பெண்ணுக்காகச் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் படம் போய்விட்டதே என்று ஏங்கிய அம்மா நான். இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன், உங்களிடம் சொல்கிறேன்.

பத்தாவது நாள் சாயங்காலம் விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் கேஸ் ஷீட் கேட்டாள். வலது வட்டத்துக்குள் விளக்குக் கம்பம், உச்சியில் சின்னதாக ஒரு புள்ளி, பக்கத்தில் கம்பியில் ஏழு புறா, ஒவ்வொன்றுக்கும் கால். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இடது வட்டத்துக்குள் அதே கம்பத்தை வரைந்தாள். உச்சியில் இருபது இதழ் பூ. கம்பியும் இல்லை, புறாவும் இல்லை. எது நிஜமான விளக்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"ரெண்டும்தான். உனக்கு ஒண்ணுதான் தெரியும். எனக்கு ரெண்டு தெரியும்."

அந்தப் படம் உறையில் முதலாவதாக இருக்கிறது. எனக்கு அதைப் பிரிய மனமில்லை. ஆனாலும் நீங்கள் பார்க்காமல் அது முழுசாகவில்லை என்று தோன்றியது. எனக்குப் பேசவே வராது என்கிறார்கள், உண்மைதான். ஆனால் இந்த இரண்டையும் பெற்றவள் நான் என்று ஊரெல்லாம் கேட்கக் கத்த வேண்டும் போல அன்றைக்கு இருந்தது. கத்தவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

கடைசியாக, உறையில் இல்லாத உங்கள் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேற்றுத்தான் வரைய ஆரம்பித்தாள். நீலச் சட்டை, தலைமுடி, காது, கழுத்து எல்லாம் போட்டுவிட்டு, முகத்தை வெறுமையாக விட்டுவிட்டாள். போனில் உங்கள் போட்டோவைக் காட்டினேன், பார்த்துப் போடட்டும் என்று. வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். போட்டோ கிட்டத்தில் இருக்கிறதாம், அதில் எல்லாருக்கும் முகம் இருக்குமாம். தூரத்திலிருந்து நடந்து வரும்போது அப்பாவுக்கும் முகம் இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போடுவாளாம். அதனால் அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பவில்லை. சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

விடுப்புக்கு இன்னும் ஏழு வாரம் என்றீர்கள். தள்ளிப்போகும் போல இருந்தால் எப்படியாவது பேசிப் பாருங்கள். வருகிற அன்று ஒரே ஒரு வேண்டுகோள். வாசல்வரை வண்டியில் வந்து இறங்காதீர்கள். தெரு முனையிலேயே இறங்கிவிடுங்கள். தொப்பி வேண்டாம், தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு வர வேண்டாம். பையைக் கையில் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தபடி, அவசரப்படாமல் நடந்து வாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வாருங்கள்.

நான் அவளைப் பால்கனியில் நிறுத்தி வைத்திருப்பேன். உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் நிற்பேன். எனக்குக் கண்ணில் பவர் எதுவும் கிடையாது. ஆனாலும் நானும் உங்களைத் தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

சுரங்கத்துக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் பத்திரம்.

இப்படிக்கு,
தெரு முனையைப் பார்த்தபடி,
உங்கள் மனைவி